நான்கு குதிரைவீரர்களுக்கு முன்னால் நின்ற ஏழு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்காவின் நோட்டர் டேம் கல்லூரி அணி 1924ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசியப் பட்டம் பெற்றதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டிருந்தீர்கள். தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் படித்து முடித்தவர் மனத்தில் மிஞ்சுவது என்ன? 'குதிரைவீரர்கள்' என்று புகழப்பட்ட நான்கு இளைஞர்கள் காற்றாய்ப் பறந்தார்கள், எதிரணிகள் பார்த்துக்கொண்டே நின்றன, கோப்பை கைக்கு வந்தது என்பதுதான். நடந்தது அதுவல்ல. அந்த வெற்றிக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி அந்த நால்வரிடம் இல்லை, அவர்களுக்கு முன்னால் குனிந்து நின்ற ஏழு பேரிடமும் வெளியே காத்திருந்த இன்னொரு பதினொரு பேரிடமும் இருந்தது. அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் ஒரு திருத்தம். தலைப்பில் வெறுமனே 'கால்பந்து' என்று போட்டு, உருண்டைப் பந்தை ஒருவர் உதைக்கும் படத்தையும் சேர்த்திருந்தீர்கள். இது அந்த ஆட்டமல்ல. இது இருமுனையும் கூம்பிய தோல்பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஓர் அணிக்கு பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம் (ஜவுளிக்கடைக்காரர் துணி அளந்த அதே மூன்றடிக் கெஜம்தான்), இரு முனையிலும் கூடுதலாகப் பத்துப் பத்துக் கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்துக் கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு முயற்சிகள், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் அது டச்டவுன், ஆறு புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கூடுதலாக ஒன்று. இந்த அளவுகளும் எண்ணிக்கையும் 1912இல் நிலைபெற்றவை, 1924க்கும் பொருந்தும். இதைச் சொல்லாமல் அந்த அணியின் சாதனையைச் சொன்னால் வாசகருக்கு ஒன்றும் பிடிபடாது.

அடுத்தது 'கோப்பை' என்ற சொல். 1924இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே தேசிய அளவில் அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் யாரோடு ஆடுவது என்பதைத் தானே பேசி முடித்துக்கொள்ளும். பருவம் முடிந்தபின் யார் சாம்பியன் என்பது பத்திரிகைகளிலும் தேநீர்மேசைகளிலும் நடக்கும் வாக்குவாதம். பத்திரிகையாளர்கள் வாக்களித்து வாராவாரம் வரிசை போடும் அசோசியேட்டட் பிரஸ் பட்டியல் 1936இல்தான் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன், எதிரணியின் வலிமையைக் கணக்கில் எடுத்து வெற்றிகளுக்கு மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். சிகாகோ ஆடை உற்பத்தியாளர் ஜாக் ரிஸ்மன் அதற்கொரு கேடயம் கொடுத்தார். அந்த முறையே 1926இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1924, 1925 இரண்டு ஆண்டுகளுக்கும் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் முறையே நோட்டர் டேமுக்கும் டார்ட்மத் கல்லூரிக்கும் பட்டம் சொன்னார். அதே 1924க்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சாம்பியன் என்று எழுதியவரும் உண்டு. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பதிவேட்டில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. நோட்டர் டேமின் பட்டம் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'கோப்பையைத் தூக்கினார்கள்' என்று எழுதுவது நடக்காத ஒரு காட்சி.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். இன்றைய அமெரிக்கக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு 1924ஐப் புரிந்துகொள்ள முயன்றால் வழி தப்பும். அன்று தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு இன்னோர் அணி என்ற பிரிவினை இல்லை. உள்ளே இருக்கும் பதினொரு பேரே தாக்குவார்கள், தடுப்பார்கள், உதைப்பார்கள். ஒரு பாதியில் வெளியே எடுக்கப்பட்டவர் அதே பாதியில் திரும்ப வர முடியாது. வெளியிலிருந்து பயிற்சியாளர் யோசனை சொல்வது குற்றம். எந்த ஆட்டத்தை ஆடுவது என்பதைக் களத்தில் நின்று ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரர்தான் முடிவு செய்யவேண்டும். பந்தை முன்னோக்கி எறிய அனுமதி இருந்தது. ஆனால் எறிபவர், இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் வரிசைக்கு ஐந்து கெஜம் பின்னால் நிற்கவேண்டும் என்பது விதி. பந்தோ இன்றையதைவிடப் பருத்தது, ஒரு கையால் இறுகப் பற்றி எறிவது எளிதல்ல. எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் எறிந்த பந்து தரையில் விழுந்தால் அத்தோடு பந்தே கைமாறிவிடும். கோல் கம்பங்கள் எல்லைக்கோட்டின் மீதே நின்றன. தலைக்கவசம் தோலால் ஆனது, கட்டாயமும் இல்லை.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பந்து வைத்திருப்பவர் பக்கக்கோட்டுக்கு இரண்டு கெஜம் தள்ளிப் பிடிபட்டால், அடுத்த முயற்சியும் அந்த இடத்திலிருந்தேதான். மைதானத்தின் உள்பக்கம் கொண்டுவந்து வைக்கும் குறுக்குக்கோடுகள் 1933 வரை வரவில்லை. அதனால் ஒரு முயற்சியை, பந்தை நடுவுக்குக் கொண்டுவருவதற்காகவே செலவழிக்க வேண்டியிருக்கும். அப்போது கையில் நான்கல்ல, மூன்றே முயற்சிகள். தன் எல்லைக்கு அருகே மாட்டிக்கொண்ட அணி முதல் அல்லது இரண்டாம் முயற்சியிலேயே பந்தை ஓங்கி உதைத்து எதிரியின் பக்கம் தள்ளிவிடுவதும் அன்றைய வழக்கம். இடம்தான் அந்தக் காலத்துச் செல்வம். தூரமாக உதைக்கத் தெரிந்த ஒருவர் இரண்டு வேகக்காரர்களுக்குச் சமம். நோட்டர் டேமுக்கு அப்படி ஒருவர் இருந்தார்: எல்மர் லேடன். கட்டுரை அவர் ஓட்டத்தை மட்டும் புகழ்ந்தது, உதையைச் சொல்லவில்லை.

அணியின் பயிற்சியாளர் நூட் ராக்னி. நார்வேயின் வோஸ் ஊரில் 1888இல் பிறந்து சிறுவயதில் சிகாகோ வந்தவர். நோட்டர் டேமில் வேதியியல் படித்து, பிறகு அங்கேயே அதைக் கற்பித்தவர். 1918 முதல் 1930 வரை தலைமைப் பயிற்சியாளர். 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன். அவருடைய முறைக்கு 'நோட்டர் டேம் பெட்டி' என்று பெயர். அடிப்படை யோசனை அவருடையதல்ல. சிகாகோ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாகிடமிருந்து, ராக்னிக்கு முன் நோட்டர் டேம் பயிற்சியாளராக இருந்த ஜெஸ்ஸி ஹார்ப்பருக்கும், அவரிடமிருந்து ராக்னிக்கும் வந்தது. ராக்னி செய்தது அதில் தாளத்தை நுணுக்கமாக்கியது.

அது நடக்கும் விதத்தைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழுப் பருவமும் இதற்குள்தான் இருக்கிறது. ஏழு பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, டேக்கிள், எண்ட் என்று மும்மூன்று பேர். பின்னால் நால்வர். குவார்ட்டர்பேக் சென்டருக்கு ஒட்டினாற்போல் பின்னால், மற்ற மூவர் (நடுவில் ஃபுல்பேக், இருபுறமும் ஹாஃப்பேக்) அவருக்குப் பின்னால் ஒரே கிடையாக. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'T' போல இருக்கும். குவார்ட்டர்பேக் எண்களைக் கூவுவார். குறித்த எண் வந்ததும் நால்வரும் ஒரே தாளத்தில், ஒரே திசையில், சின்னத் துள்ளல் நடையாக நகர்ந்து ஒரு சதுரமாக நிற்பார்கள். வலப்பக்கம் நகர்ந்தால் வலது ஹாஃப்பேக் வரிசையின் கடைசி ஆளுக்கு வெளியே போய்விடுவார், குவார்ட்டர்பேக் வலது கார்டுக்குப் பின்னால் வருவார், மற்ற இருவர் நான்கைந்து கெஜம் பின்னால் இருப்பார்கள். வரிசையில் இருபுறமும் சம எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண்ட் மட்டும் ஓரடி ஈரடி விலகுவார். நின்றார்களோ இல்லையோ, பந்து பின்னால் வந்துவிடும்.

இதில் ஆதாயம் எங்கே? தடுக்கும் அணி எதிரே இருப்பவர்களைப் பார்த்து ஆள் பங்கு போட்டிருக்கும். சதுரம் ஒரு பக்கமாக நகர்ந்ததும் அந்தப் பக்கம் தாக்குவோர் கூடிவிடுகிறார்கள். தடுப்பவரும் நகரவேண்டும். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதானே நகர முடியும்? அந்தத் தாமதத்தில் ஓராள் குறைவு. நகர்ந்து நின்றவரின் உடல் பாரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. நின்றவர் புறப்படுவதைவிட, நின்றும் நிற்காமலும் இருப்பவர் ஓர் எட்டு முந்துவார். விதி 'நிற்கவேண்டும்' என்றது, எவ்வளவு நேரம் என்று அளவு சொல்லவில்லை. மற்ற அணிகளின் புகார் வலுத்து 1927இல்தான் ஒரு முழு நொடி நிற்கவேண்டும் என்று விதி இறுகியது.

தவறும் இடங்களும் இங்கேயேதான். நால்வரில் ஒருவருடைய கால் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போது பந்து வந்தால் தண்டனை. கபடியில் கைகோத்த சங்கிலியில் ஒருவர் பிந்தினால் அங்கேதான் அறும் அல்லவா, அதே கதை. பந்து அரை நொடி தாமதமாக வந்தால் உடல் வேகம் அடங்கிவிடும், நகர்ந்ததே வீண். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பந்து ஆள் நிற்கும் இடத்துக்கு வருவது. ஓடத் தொடங்குபவருக்குப் பந்து அவர் போகப்போகும் இடத்தில் கிடைக்கவேண்டும். பின்தங்கி வந்தால் இடுப்பில் பட்டுத் தரையில் உருளும், எதிரணி விழுந்து பிடித்துக்கொள்ளும்.

ஆக, இந்த இயந்திரத்தின் அச்சாணி ஓடுபவரல்ல, சென்டர். அவர் தலையைக் கவிழ்த்து, கால்களுக்கு இடையே தலைகீழாகப் பின்னால் பார்த்து, மூன்று வேறு ஆட்களுக்கு, மூன்று வேறு தூரத்தில், ஒவ்வொருவரின் வேகத்துக்கும் ஏற்ற முன்னளவு கொடுத்துப் பந்தை அனுப்பவேண்டும். அனுப்பிய அதே கணத்தில், பார்க்காமலே, எதிரே பாய்ந்து வருபவரைத் தாங்கவேண்டும். 1924இல் அந்த இடத்தில் நின்றவர் அணித்தலைவர் ஆடம் வால்ஷ். அக்டோபர் 18 அன்று நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ராணுவக் கல்லூரி அணியை எதிர்த்து அவர் ஒரு கை எலும்பு முறிந்த நிலையில் இறங்கினார். ஆட்டத்தின் நடுவில் மற்றக் கையும் முறிந்தது. வெளியே போகவில்லை. இரண்டு முறிந்த கைகளோடு பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார். எதிரணி எறிந்த பந்து ஒன்றைப் பிடிக்கவும் செய்தார். அந்த ஆட்டத்தில் வித்தியாசம் வெறும் ஆறு புள்ளி, 13க்கு 7. லேடனும் ஜிம் க்ரௌலியும் ஆளுக்கொரு டச்டவுன் அடித்தார்கள். சென்டரின் பந்து ஒரு முறை பிசகியிருந்தால் அந்த வித்தியாசம் நிலைத்திருக்குமா?

அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் எழுத்தாளர் கிராண்ட்லேண்ட் ரைஸ், பின்வரிசை நால்வரை விவிலியத்தின் நான்கு குதிரைவீரர்களுக்கு ஒப்பிட்டு எழுதினார். ஹாரி ஸ்டுல்ட்ரெஹர், ஜிம் க்ரௌலி, டான் மில்லர், எல்மர் லேடன் நால்வரும் ஒரே நாளில் நாடறிந்தவர்கள் ஆனார்கள். அணியின் விளம்பர வேலையைப் பார்த்த மாணவர் ஜார்ஜ் ஸ்ட்ரிக்லர், ஊர் திரும்பியதும் நான்கு வாடகைக் குதிரைகளைப் பிடித்து, பந்தோடு நால்வரையும் ஏற்றிப் படம் எடுக்க வைத்தார். நீங்கள் அச்சிட்ட படம் அதுதான். அதாவது அது போட்டியின் படமல்ல, விளம்பரப் படம். படக்குறிப்பில் அதைச் சொல்லியிருக்கலாம்.

நால்வரின் திறமையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆறடியைத் தாண்டியவர் எவருமில்லை, 75 கிலோவைத் தொட்டவர் எவருமில்லை, குவார்ட்டர்பேக் ஸ்டுல்ட்ரெஹர் 70 கிலோகூட இல்லை. இந்த உடம்போடு அன்றைய முரட்டு ஆட்டத்தில் நிற்பதே பெரிது. ஆனால் இவ்வளவு இலகுவானவர்கள் ஓட வேண்டுமானால் முன்னே உள்ளவர்கள் வழி விடவேண்டும். நோட்டர் டேமின் முன்வரிசையும் பல எதிரணிகளைவிட எடை குறைந்ததே. எதிரியைச் சாய்த்துத் தள்ளும் பலம் அவர்களுக்கு இல்லை. அதனால் ராக்னி கற்பித்தது உரசித் தடுப்பது. எதிராளியைக் கீழே வீழ்த்தவேண்டாம், அவர் போகும் வழியில் தோளையோ இடுப்பையோ ஒரு கணம் குறுக்கே வைத்தால் போதும், பிறகு அவரை விட்டுவிட்டு அடுத்தவரை மறிக்க ஓடு. ஓடுபவர் அந்த ஒரு கணத்தில் கடந்துவிடுவார். இதன் குறையும் கண்கூடு. ஓடுபவர் ஒரு நொடி தயங்கினால் தடுக்கப்பட்டவர் நிமிர்ந்துவிடுவார், அவர் கையில் மாட்டவேண்டியதுதான். வேகமும் தடுப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. ஏழு பேரின் கணம் தப்பினால் நால்வரின் வேகம் பயன்படாது, நால்வர் தயங்கினால் ஏழு பேரின் உழைப்பு பயன்படாது. குதிரைவீரர்கள் என்ற பெயர் புகழ்பெற்ற பிறகு முன்வரிசைக்கு 'ஏழு கோவேறு கழுதைகள்' என்று பெயர் வந்தது. சுமை சுமப்பவர்கள் என்ற பொருளில் அவர்களே பெருமையாக ஏற்றுக்கொண்ட பெயர் அது.

அடுத்து, இரண்டாம் அணி. கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட விஷயம் இது. ராக்னி பல ஆட்டங்களைத் தன் சிறந்த பதினொருவரோடு தொடங்கவில்லை. 'அதிரடிப் படை' என்று அழைக்கப்பட்ட இரண்டாம் வரிசைப் பதினொரு பேரை முதலில் இறக்குவார். எதிரணி தன் முழுத் தெம்போடு இருக்கும் தொடக்க நிமிடங்களை இவர்கள் தாங்குவார்கள். முதல் கால்பகுதி முடியும் நேரத்திலோ அதற்கு முன்போ முதல் அணி பதினொருவரும் மொத்தமாக உள்ளே வருவார்கள், உடல் அலுக்காமல், எதிரணி என்ன ஆடுகிறது என்பதைக் கால்மணி நேரம் வெளியிலிருந்து பார்த்துவிட்டு. வெளியே எடுத்தவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது என்ற விதிதான் இந்த உத்திக்கு அடிப்படை. நல்ல ஆட்களை முதலில் இறக்கி, களைத்ததும் ஓய்வு கொடுத்து மறுபடி அழைக்க வழி இல்லை. ஆகவே ஓய்வை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். இதற்கு இரண்டு முழு அணிகள் ஒரே தாளத்தில் பயிற்சி பெற்றிருக்கவேண்டும், அது எல்லாக் கல்லூரிக்கும் இயலாது.

இந்த உத்திக்கும் விலை உண்டு. நவம்பர் 15 அன்று நெப்ராஸ்காவோடு நடந்த ஆட்டத்தில், தொடக்கத்திலேயே இரண்டாம் அணி தன் எல்லைக்கு அருகே பந்தை நழுவவிட்டது. நெப்ராஸ்கா அதை டச்டவுனாக மாற்றியது. அந்த நாலு பேர் பின்வரிசையில் இருந்த காலத்தில், 1922, 1923 இரண்டு ஆண்டுகளும் நோட்டர் டேம் தோற்ற இரண்டே ஆட்டங்கள் இதே நெப்ராஸ்காவிடம். அப்படிப்பட்ட எதிரியிடம் 0க்கு 6 என்று பின்தங்கிய நிலையில்தான் முதல் அணி உள்ளே வந்தது. முடிவு 34க்கு 6. உத்தி பலித்தது என்று இதைச் சொல்லலாம், தப்பிப் பிழைத்தது என்றும் சொல்லலாம். என் கணிப்பில் இரண்டாவதே சரி.

பருவத்தின் மற்ற ஆட்டங்கள்: லொம்பார்டு 40–0, வபாஷ் 34–0, ராணுவத்துக்கு அடுத்த வாரம் பிரின்ஸ்டன் 12–0, ஜார்ஜியா டெக் 34–3, விஸ்கான்சின் 38–3, நெப்ராஸ்காவுக்குப் பிறகு சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் 13–6, பிட்ஸ்பர்க்கில் கார்னகி டெக் 40–19. பத்தில் நான்கு ஆட்டங்களே சொந்த ஊரான, இண்டியானா மாநிலத்துச் சௌத் பெண்டில். மற்ற எல்லாவற்றுக்கும் ரயில் பயணம். அக்டோபர் 18இல் நியூயார்க், 25இல் நியூஜெர்சி. இடையில் வகுப்பும் உண்டு. பருவத்தின் முடிவில் புத்தாண்டு நாளில் நடந்த ரோஸ் பவுல் ஆட்டத்தையும் சேர்த்தால் அடித்த புள்ளிகள் 285, கொடுத்தவை 54. உங்கள் கட்டுரை 'எல்லா அணிகளையும் நசுக்கினார்கள்' என்றது. ராணுவம், நார்த்வெஸ்டர்ன் இரண்டிலும் ஒரே ஒரு டச்டவுன் இடைவெளிதான் என்பதைப் பாருங்கள்.

இந்தக் காலப்பின்னணியையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். நோட்டர் டேம் கத்தோலிக்கக் கல்லூரி. அதே 1924 மே மாதம் சௌத் பெண்டில் கூட்டம் போட வந்த, கத்தோலிக்கரையும் வெறுத்த கூ கிளக்ஸ் கிளான் என்ற இனவெறி அமைப்பின் ஆட்களோடு அதன் மாணவர்கள் தெருவில் மோதினார்கள். அயர்லாந்து, இத்தாலி, போலந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், அந்தக் கல்லூரி வாசலைக்கூடப் பார்க்காதவர்கள், நாடெங்கும் இந்த அணியைத் தங்கள் அணியாக நினைத்ததற்கு இதெல்லாம் காரணம்.

ரோஸ் பவுலுக்கு வருகிறேன். 1925 ஜனவரி 1, கலிபோர்னியாவின் பசடீனா. எதிரே ஸ்டான்ஃபோர்ட், பயிற்சியாளர் பாப் வார்னர். ராக்னிக்கு நேர்மாறான பாணிக்காரர் அவர். பின்வரிசையை ஆடாமல் அசையாமல் நிறுத்தி, முன்வரிசையில் ஒரு பக்கம் ஆளைக் கூட்டி, பலத்தால் உடைப்பவர். அவருடைய ஃபுல்பேக் எர்னி நெவர்ஸ், கணுக்கால் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர். பனி பெய்யும் இண்டியானாவிலிருந்து நேராக வெயிலுக்குப் போனால் ஆட்கள் துவண்டுவிடுவார்கள் என்று ராக்னி நேர்ப்பாதையை விட்டார். டிசம்பர் 20 வாக்கில் புறப்பட்டு, தெற்கே நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன், எல் பாசோ, டூசான் என்று இறங்கி இறங்கிப் பயிற்சி செய்தபடி, உடம்பை வெப்பத்துக்குப் பழக்கிக்கொண்டே போனார்கள்.

முடிவு நோட்டர் டேம் 27, ஸ்டான்ஃபோர்ட் 10. இந்த எண்களை மட்டும் கொடுத்துவிட்டு 'எளிதான வெற்றி' என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் இந்தக் கடிதம் எழுதத் தோன்றியது. அன்று அதிக தூரம் முன்னேறியது ஸ்டான்ஃபோர்ட். நெவர்ஸ் ஒருவரே 34 முறை பந்தை ஏந்தி 114 கெஜம் ஓடினார், அறுபது நிமிடமும் களத்தில் இருந்தார். முதல் புள்ளி எடுத்ததும் அவர்கள்தான், கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று. நோட்டர் டேம் அடித்த நான்கு டச்டவுன்களில் ஒன்றுதான் வழக்கமான முறையில் முன்னேறி அடித்தது, லேடன் மூன்று கெஜத்திலிருந்து புகுந்தது. இன்னொன்று, லேடன் ஓங்கி உதைத்த பந்தை ஸ்டான்ஃபோர்ட் ஆள் தவறவிட, எண்ட் ஹன்சிங்கர் அள்ளிக்கொண்டு 20 கெஜம் ஓடியது. மற்ற இரண்டும் நெவர்ஸ் பக்கவாட்டில் குறுந்தூரம் எறிந்த பந்துகளை லேடன் குறுக்கே பாய்ந்து பிடித்து, ஒன்றில் 78 கெஜமும் மற்றொன்றில் 70 கெஜமும் ஓடியது.

இதை அதிர்ஷ்டம் என்று நினைப்பதும் தவறு. இப்படிப் பக்கவாட்டில் எறியும் குறும்பாஸ் தடுப்பணியின் பக்கக் காவலரை உள்ளே இழுத்துவிட்டுத்தான் பலிக்கும். அவர் உள்ளே வராமல் வழியைப் பார்த்து நின்றால், எறிந்தவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் அவர்தான் இருப்பார், அவருக்கு முன்னால் வெற்று மைதானம். அந்தப் பாஸில் உள்ள பேராபத்து அதுவே. ராக்னியின் ஆட்கள் அந்தப் பாஸை எதிர்பார்த்துத் தயாராகவே வந்திருந்தார்கள்.

நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. 20க்கு 10 என்ற நிலையில் ஸ்டான்ஃபோர்ட் எல்லைக்கோட்டுக்குச் சில அங்குலம் வரை வந்துவிட்டது. நான்காம் முயற்சி. எல்லாருக்கும் தெரியும் பந்து நெவர்ஸுக்குத்தான் என்று. அவர் நடுவில் பாய்ந்தார். நோட்டர் டேம் முன்வரிசை ஒரே குவியலாக விழுந்தது. கோட்டைத் தொடவில்லை என்றார் நடுவர். தொட்டுவிட்டது என்று ஸ்டான்ஃபோர்ட் தரப்பு பல காலம் சொல்லிவந்தது. அங்கே டச்டவுன் விழுந்திருந்தால் ஆட்டம் மூன்று நான்கு புள்ளிக்குள் வந்திருக்கும், களைத்த நோட்டர் டேம் என்ன ஆகியிருக்குமோ. அந்தக் குவியலின் அடியில் இருந்தவர்கள் குதிரைவீரர்கள் அல்ல.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நோட்டர் டேம், பருவம் முடிந்தபின் நடக்கும் இத்தகைய 'பவுல்' போட்டி எதிலும் 1970 ஜனவரி வரை ஆடவில்லை. குதிரைவீரர் நால்வரும் பயிற்சித் துறைக்குள் போனார்கள். க்ரௌலி பிறகு ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுத்த முன்வரிசையில் ஒருவர்தான், பிற்காலத்தில் பெரும் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற வின்ஸ் லொம்பார்டி. முன்னால் நிற்பவர்களின் அருமை தெரிந்தவரிடம் படித்தவர் என்றுதான் அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆகவே வேண்டுவது இவ்வளவே. ஆட்டத்தின் பெயரை 'அமெரிக்கக் கால்பந்து' என்று திருத்துங்கள். உருண்டைப் பந்துப் படத்துக்கு ஒரு வருத்தம் தெரிவித்துவிடுங்கள். குதிரைப் படத்தை மறுபடி அச்சிடும் வாய்ப்பு வந்தால், நால்வர் பெயருக்குக் கீழே முன்வரிசையையும் இடமிருந்து வலமாக, அவர்கள் நின்ற வரிசையிலேயே சேருங்கள்: சக் காலின்ஸ், ஜோ பாக், ஜான் வைபெல், ஆடம் வால்ஷ், நோபிள் கைசர், ரிப் மில்லர், எட் ஹன்சிங்கர்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை